மண்ணை மூடுவதற்கு முன்

விமான நிலையங்களில் பள்ளம் தோண்டுகிற, கேபிள் பதிக்கிற, குழாய் போடுகிற எல்லோருக்கும் ஒரு திறந்த மடல்



இந்த மடல் சைட் இன்ஜினீயர்களுக்கு, சூப்பர்வைசர்களுக்கு, கேபிள் ஜாயின்டர்களுக்கு, பிளம்பர்களுக்கு, ஜே.சி.பி. ஓட்டுகிற தம்பிகளுக்கு. விமான நிலையத்தில் ஜி.ஐ.எஸ். என்கிற கணினி வரைபடம் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேலதிகாரிகளைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். எந்த மென்பொருள் வாங்குவது, எந்த சர்வரில் போடுவது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். முப்பது வருடம் இதே வேலையில் இருந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: அந்த வரைபடம் உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்களைப் பார்த்துப் பேசாமல் வேறு யாரைப் பார்த்துப் பேசுவது?

ஒரு ராத்திரியில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். கடைசி விமானம் இறங்கி, ரன்வேயை மூடி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் (ஏ.டி.சி.) அனுமதி கிடைத்து நாங்கள் உள்ளே போகும்போது மணி ஒன்று. நாலரைக்குள் ஆளும் வண்டியும் ஒரு கல்கூட விடாமல் வெளியே வந்தாக வேண்டும். டாக்சிவே ஓரத்தில் மழைநீர் போக ஒரு ட்ரெஞ்ச் எடுப்பதுதான் வேலை. என் கையில் டிராயிங் இருந்தது. அதன்படி விளக்குக் கேபிள் எங்களுக்கு மேற்கே மூன்று மீட்டர் தள்ளிப் போனது. அதனால் கரண்டை நிறுத்தச் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஜே.சி.பி. மூன்றாவது வாளியை இழுக்கும்போது பட்டென்று ஒரு சத்தம். நீல விளக்கு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று அணைந்தது. நான் கையைத் தூக்கிக் கத்துவதற்குள் வாளி இன்னும் ஒரு சாண் நகர்ந்தது. மீதி விளக்குகளும் போயின.

வெளியாருக்காக ஒரு விளக்கம். ரன்வே, டாக்சிவே விளக்குகள் வீட்டு விளக்கு மாதிரி கிடையாது. பூவைத் தொடுத்த மாதிரி ஒரே கேபிளில் தொடராகக் கோத்திருக்கும். சி.சி.ஆர். என்கிற கருவி அதில் 6.6 ஆம்பியரை ஏறாமல் இறங்காமல் ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு பல்பு போனால் மற்றவை அணையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஆனால் நாரே அறுந்தால் மாலை உதிர்ந்துவிடும். அதனால்தான் இரண்டு சர்க்யூட் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக விளக்குகளைப் பிரித்துவைப்பார்கள். ஒன்று போனாலும் விமானிக்குப் பாதி விளக்காவது தெரியும். அந்த ராத்திரியில் இரண்டும் ஒரே பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

வீட்டுக்கு வண்டி அனுப்பி மூத்த ஜாயின்டர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் டிராயிங்கைக் கேட்கவே இல்லை. பக்கத்து சேம்பரின் மூடியில் காலை வைத்து, அங்கிருந்து 27 தப்படி நடந்து நின்றார். இடது பக்கம் திரும்பி ஒன்பது தப்படி. “இங்கதான் சார் வளையுது. அந்த வருஷ மழையில ஷோல்டர் சரிஞ்சுபோச்சு. கேபிளை இந்தப் பக்கம் தள்ளிப் போட்டோம். அப்பவே சொன்னேன், யாரும் எழுதிக்கல.”

முதல் விமானம் 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அவர் சொன்ன கடைசி வாக்கியம் இன்றுவரை என் காதில் கேட்கிறது. டிராயிங் போட்டவர் தவறு செய்யவில்லை. போட்ட நாளில் அது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மண்ணுக்குள் நடந்தது ஒரு மனிதரின் காலடியில் மட்டும் இருந்தது. அவர் அன்றைக்கு ஊரில் இல்லாமலிருந்தால்?

எங்களுக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நியூவர்க் விமான நிலையத்தில் 1995 ஜனவரி 9ஆம் தேதி, கட்டுமான வேலைக்காகத் தரையில் அடித்துக்கொண்டிருந்த இரும்புத் தூண் நிலத்தடி மின்கேபிள்களைக் கிழித்தது. ஒரே அடியில் நிலையமே இருண்டு, நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. உலகத்திலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் அட்லாண்டாவில் 2017 டிசம்பர் 17ஆம் தேதி நடந்தது இன்னும் பெரிய பாடம். மதியம் ஒரு மணி வாக்கில் நிலத்தடி மின் சுரங்கத்தில் தீப்பிடித்தது. அந்தத் தீ பிரதான இணைப்போடு நிற்கவில்லை. பக்கத்திலேயே போன மாற்று இணைப்பின் கேபிள்களையும் எரித்தது. கிட்டத்தட்ட 11 மணி நேரம் இருட்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து.

எலக்ட்ரிகல்காரர்களுக்கு நான் சொல்ல வருவது இந்நேரம் புரிந்திருக்கும். நாம் சுவரில் மாட்டிவைத்திருக்கிற சிங்கிள் லைன் டயகிராமில் மெயின் ஒரு பக்கம், ஸ்டாண்ட்பை மறு பக்கம், நடுவே நல்ல இடைவெளி. பார்க்கவே தைரியமாக இருக்கும். ஆனால் அந்த இடைவெளி காகிதத்தில் மட்டும்தான். எது எதோடு இணைந்திருக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லும். எது எதன் பக்கத்தில் படுத்திருக்கிறது என்பதைச் சொல்லாது. தீயும் தண்ணீரும் ஜே.சி.பி. வாளியும் சர்க்யூட் பார்த்து வருவதில்லை. பக்கத்தில் இருப்பதைத்தான் தொடுகின்றன. அதைக் காட்டக்கூடியது இடத்தோடு கட்டிய வரைபடம் ஒன்றுதான்.

ஜி.ஐ.எஸ். என்றால் அவ்வளவுதான். ஆட்டோகேட் டிராயிங்கில் கோடு வெறும் கோடு. ஜி.ஐ.எஸ்.ஸில் அந்தக் கோட்டைத் தொட்டால் அது பேசும். என்ன கேபிள், எந்த வருடம் போட்டது, எவ்வளவு ஆழம், ஜாயின்ட் எங்கே இருக்கிறது, கடைசியாக மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்தபோது என்ன காட்டியது என்று எல்லாம் சொல்லும். “இந்தச் சதுரத்தில் தோண்டினால் எதெல்லாம் அடிபடும்?” என்று கேட்கலாம். திருப்பிப்போட்டு, “இந்தக் கேபிள் போனால் எந்த விளக்கு, எந்த பே, எந்த ஏரோபிரிட்ஜ் நிற்கும்?” என்றும் கேட்கலாம். கேள்விக்குப் பதில் வரும், உள்ளே போட்டது உண்மையாக இருந்தால்.

அதனால் ஒவ்வொரு கோட்டோடும் அது எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று எங்கே போனாலும் மன்றாடுவேன். தோண்டி, கண்ணால் பார்த்து அளந்ததா? கருவி வைத்து மேலிருந்து தேடியதா? மேலே தெரிகிற சேம்பர் மூடிகளை வைத்து ஊகித்ததா? பழைய காகிதத்திலிருந்து எடுத்ததா? அமெரிக்க சிவில் இன்ஜினீயர்கள் சங்கம் 2002இல் வெளியிட்ட 38ஆம் எண் தரநிலை நிலத்தடித் தகவலை இப்படித்தான் ஏ, பி, சி, டி என்று நான்கு தரமாகப் பிரிக்கிறது. நம் ஊர் டிராயிங்குகளில் எல்லாக் கோடும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். அளந்ததும் ஊகித்ததும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். என் கையில் அன்றைக்கு இருந்த கோடு ‘டி’ தரம். அதை ‘ஏ’ என்று நம்பித்தான் சுண்ணாம்பு போட்டேன்.

இன்னொன்று. ரன்வே முனையின் ஆயத்தொலைவு 1 மீட்டர் துல்லியத்தில் வேண்டும், டாக்சிவே மையக்கோடு அரை மீட்டர் துல்லியத்தில் வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. விமானி நம்புகிற தகவல் அது. மண்ணுக்குள் கிடக்கும் நம் கேபிளுக்கும் குழாய்க்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. மேலே இருப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. கீழே இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் தினமும் பார்க்கிற பரங்கிமலை, சர்வேயர்களுக்குக் கோயில் மாதிரி. இந்தியத் துணைக்கண்டத்தை அளந்த மாபெரும் முக்கோண சர்வேயின் முதல் அடிக்கோட்டை வில்லியம் லாம்ப்டன் 1802இல் அளந்தது அந்த மலையடிவாரத்துச் சமவெளியில்தான். ஏழரை மைல் நீளம். 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து வைத்து எடுக்க 57 நாட்கள் பிடித்தன. வெயிலில் சங்கிலி நீளும் என்று அதன் சூட்டைக்கூட அளந்து கணக்கில் சேர்த்தார்கள். அதே மண்ணில் நின்றுகொண்டு, சுமார் இரண்டு மீட்டர் தள்ளி என்று டிராயிங்கில் எழுதிவிட்டுப் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கு டி.ஜி.பி.எஸ். என்கிற துல்லிய ஜி.பி.எஸ். கம்பத்தை நட்டால் சில நொடிகளில் சென்டிமீட்டர் கணக்கில் இடம் கிடைத்துவிடும். ஆனால் இரண்டு இடத்தில் ஏமாந்துபோவோம். உலக விமானப் போக்குவரத்து முழுக்க 1998 ஜனவரி 1 முதல் டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்கிற ஒரே அளவை முறைக்கு மாற வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முந்தைய நம் வரைபடங்கள் எவரெஸ்ட் முறையில் இருந்தவை. ஒன்றை மாற்றாமல் இன்னொன்றின்மேல் போட்டால் கோடுகள் நூறு மீட்டருக்கும் மேலே விலகி நிற்கும். அந்தப் பிழை பெரிது என்பதால் கண்ணில் பட்டுவிடும், பரவாயில்லை. உயரத்தில் வருவதுதான் ஆபத்து. தென்னிந்தியாவில் ஜி.பி.எஸ். நேராகக் காட்டுகிற உயரத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து நாம் கணக்கிடுகிற உயரத்துக்கும் 90 மீட்டரை ஒட்டிய வித்தியாசம் இருக்கிறது. சென்னை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 16 மீட்டரில் இருக்கிறது. திருத்தாத கருவியோ நீங்கள் எழுபது மீட்டருக்கும் கீழே நிற்பதாகச் சொல்லும். ஒருவர் திருத்தியும் இன்னொருவர் திருத்தாமலும் வடிகால் மட்டத்தைப் பதிந்துவிட்டால், அந்த வரைபடத்தை நம்பித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீர் ஓடும் திசை எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவை எப்படி மறக்க முடியும்? அடையாறு கரைபுரண்டது. சென்னையின் இரண்டாவது ரன்வே அந்த ஆற்றின்மேல் பாலமாகவே கடந்துபோகிறது. நிறுத்தியிருந்த விமானங்களின் சக்கரம் தண்ணீரில் நிற்கிற படத்தை உலகமே பார்த்தது. பயணிகள் விமானங்கள் அங்கிருந்து மறுபடி பறக்க டிசம்பர் 6 ஆயிற்று. இடையில் அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலிலும் ரன்வேயை மூட வேண்டியதாயிற்று. ஆறு ஊரை மூழ்கடிக்க வரும்போது வரைபடத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் எந்த மின் அறையின் தரைமட்டம் எவ்வளவு, எந்தக் கல்வெர்ட்டின் அடிமட்டம் எவ்வளவு, எந்த வடிகாலுக்கு வெளியே போக வழி இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் இன்னும் ஒரு அடி ஏறினால் முதலில் எந்த பேனல் நனையும் என்பது முன்கூட்டியே திரையில் தெரிந்தால், எந்த விமானத்தை எங்கே நகர்த்துவது, எந்த மோட்டாரை எங்கே கொண்டுபோவது என்று மழைக்கு முந்தின நாளே தீர்மானிக்கலாம். ஒவ்வொரு கல்வெர்ட்டுக்குள்ளும் இறங்கி அடிமட்டம் எடுக்கிறவர் உங்களில் ஒருவர்தான். சேற்றில் முழங்கால்வரை இறங்கி அவர் எடுக்கிற அந்த ஒரு எண்ணுக்கு இருக்கிற மதிப்பை அவருக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் நான் இங்கே சொல்கிறேன்.

கட்டடப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெர்மினலுக்குள் ஏ.சி., லிஃப்ட், கன்வேயர், தீயணைப்புக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வால்வு எங்கே என்று தேடுகிற பத்து நிமிடத்தில் ஒரு கூடம் நனைந்துவிடும்.

புகார் புத்தகம் பற்றி ஒன்று சொல்ல ஆசை. எல்லா நிலையத்திலும் ஒரு தடிமனான நோட்டு இருக்கும். ‘விளக்கு எண் இத்தனை எரியவில்லை, மாற்றப்பட்டது’ என்று தேதிவாரியாக எழுதியிருக்கும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு பயிற்சிப் பொறியாளர், சின்னப் பெண், இரண்டு வருட நோட்டை எடுத்து ஒவ்வொரு புகாரையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். யாரும் சொல்லாமல் அவராகவே மாலை நேரத்தில் உட்கார்ந்து செய்த வேலை. நோட்டில் பார்த்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த புகார்கள், வரைபடத்தில் ஒரே கோட்டில் வரிசையாக வந்து நின்றன. அந்தக் கோட்டின் அடியில், எல்லோரும் மறந்துபோன ஒரு பழைய வடிகால் குழாய். உடைந்து ஊறி, டிரான்ஸ்ஃபார்மர் குழிகளில் வருடக்கணக்காகத் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தது. விளக்கை மாற்றிக்கொண்டே இருந்தோம். குழாயை அடைத்ததும் புகார் நின்றது. அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எந்த ரன்வேயிலும் பார்த்ததில்லை.

சில நேரம் வரைபடம் தரையோடு ஒத்துப்போகாததன் வலி விமானத்தில் இருப்பவர்கள்வரை போகும். 2006 ஆகஸ்ட் 27ஆம் தேதி விடியுமுன் அமெரிக்காவின் லெக்சிங்டனில் காம்ஏர் 5191 விமானம், 7,003 அடி நீள ரன்வேக்குப் பதிலாக அதில் பாதி நீளமே உள்ள ரன்வேயில் ஓடிப் புறப்பட முயன்று நொறுங்கியது. அதில் இருந்த 50 பேரில் 49 பேர் இறந்துபோனார்கள். விமானிகளின் கவனப் பிழையே காரணம் என்றுதான் விசாரணை முடிவு செய்தது. அதை மறுக்க நான் யார்? ஆனால் அந்த நாட்களில் அங்கே கட்டுமான வேலை நடந்து டாக்சிவே அமைப்பு மாறியிருந்தது என்பதும், விமானிகள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த மாற்றம் ஏறவில்லை என்பதும் அதே விசாரணையில் பதிவாகியிருக்கிறது. டாக்சிவேயில் ஒரு தடுப்பை நகர்த்துகிறபோதும் ஒரு பலகையைக் கழற்றுகிறபோதும் அது விமானிகளுக்கான ‘நோட்டாம்’ அறிவிப்பாகப் போகிறதா, வரைபடத்தில் ஏறுகிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

இப்போது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமான ஒன்றுக்கு வருகிறேன். நியூசிலாந்தில் மார்ஸ்டன் பாயின்ட்டில் அப்போது இயங்கிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து ஆக்லாந்து பக்கம் போன எரிபொருள் குழாய் 2017 செப்டம்பரில் உடைந்தது. ஆக்லாந்து விமான நிலையத்துக்கு எரிபொருள் போதாமல் விமானங்கள் ரத்தாயின. விசாரித்தால், சதுப்பில் புதைந்திருந்த காவ்ரி மரக்கட்டையைத் தேடித் தோண்டிய இயந்திரம் 2014 வாக்கிலேயே அந்தக் குழாயைக் கீறியிருக்கிறது. யாரும் சொல்லவில்லை. கீறல் மண்ணுக்குள் மூன்று வருடம் காத்திருந்தது.

நம் ஊரிலும் வாளி பட்டதும் சட்டென்று மண்ணைத் தள்ளி மூடுகிற வழக்கம் இருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள், கான்ட்ராக்டரின் பில் நிற்கும், தினக்கூலிக்காரனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அந்த ராத்திரியில் எங்கள் ஜே.சி.பி. தம்பி இறங்கி வந்து என் எதிரே நின்றபோது அவன் கால் நடுங்கியது. கோடு போட்டது நான், நடுங்கியது அவன். மேலிருக்கிறவர்கள் யாராவது இந்த மடலைப் படித்தால் அவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: பட்டதைச் சொன்னவனைத் தண்டிக்காதீர்கள். சொன்னவனுக்குத் தண்டனை என்று ஒரு முறை ஆகிவிட்டால், நீங்கள் எத்தனை கோடிக்கு மென்பொருள் வாங்கினாலும் அதில் பொய்தான் நிரம்பும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளம் திறந்திருக்கும்போது, கேபிள் கண்ணுக்குத் தெரியும்போது, மண்ணைத் தள்ளுவதற்கு முன் அளந்துவிடுங்கள். வளைவு, ஜாயின்ட், குறுக்கே போகிற இன்னொரு குழாய், மேலிருந்து ஆழம். டி.ஜி.பி.எஸ். வர நேரமாகும் என்றால், நகராத இரண்டு பொருளிலிருந்து, சேம்பர் மூலையோ விளக்குப் பீடமோ எதுவானாலும் சரி, டேப் பிடித்துத் தூரம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை வைத்து இடத்தைக் குறித்துவிடலாம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். எடுத்த படத்தைக் குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். விமான நிலையத்தின் நிலத்தடி அமைப்பு ஊருக்குச் சொல்கிற விஷயம் இல்லை. அலுவலக வழியிலேயே கொடுங்கள். எதிர்பாராத ஒன்று பள்ளத்தில் கிடந்தால், யாருடையது என்று தெரியாவிட்டாலும் ‘தெரியாத குழாய், இரும்பு, நாலு அங்குலம்’ என்று அதையும் பதியுங்கள். என்றைக்கோ போட்டு இப்போது கைவிட்ட கேபிளையும் அழிக்காமல், கைவிட்டது என்று எழுதிவையுங்கள். அடுத்து தோண்டுகிறவன் அதைப் பார்த்து உயிருள்ள கேபிளோ என்று பயப்படாமல் இருப்பான். உயிருள்ளதைப் பார்த்துச் செத்தது என்று நினைக்காமலும் இருப்பான்.

எஸ்டிமேட் போடுகிற இன்ஜினீயர்களே, இந்த அளவெடுப்புக்கு பில்லில் தனியாக ஒரு வரி போடுங்கள். காசு வராத வேலையை நாலு மணி இருட்டில் யாரும் செய்யமாட்டார்கள். மண்ணைக் கெட்டிப்படுத்தியதற்குப் பணம் கொடுக்கிறோம். மூடுவதற்கு முன் அளந்ததற்கும் கொடுக்கலாம்.

அந்த மூத்த ஜாயின்டர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வாரம், அனுமதி வாங்கி, மூன்று ராத்திரி அவரோடு ஏர்சைடு முழுக்க நடந்தேன். அவர் தப்படி எண்ணி நிற்கிற இடத்தில் எல்லாம் சர்வே பையன் கம்பத்தை நட்டு ஒரு புள்ளி எடுத்தான். சில இடங்களில் சோதனைக் குழி போட்டுப் பார்த்தோம். ஓரிடத்தில் கேபிள் அவர் சொன்னதைவிட முக்கால் மீட்டர் தள்ளிக் கிடந்தது. “வயசாயிடுச்சு சார், தப்படி குறுகிப்போச்சு” என்று சிரித்தார். மற்ற இடங்களில் டிராயிங்தான் தவறாக இருந்தது. கடைசிப் புள்ளியை எடுத்து முடித்ததும் டேப்லெட்டை வாங்கி, தன் கேபிள்கள் எல்லாம் நிறம்நிறமாக ஓடுகிறதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டி, “இது ஆடி மாசம் போட்டது, அதையும் எழுதிக்கச் சொல்லுங்க” என்றார். எழுதிக்கொண்டோம்.

அன்புடன்,
உங்களோடு பள்ளத்தில் நின்ற ஒருவன்